இணக்கமானவள் என்றொரு வார்த்தை

பிப்ரவரி 11

அன்புள்ள அத்தைக்கு,

நலம். நீங்களும் நலம் என்று நாத்தனார் போனில் சொன்னாள். உங்களிடமே பேசலாம் என்றால், நான் ஒன்று சொல்ல, நீங்கள் "ஆங்? என்ன?" என்று கேட்க, நான் கத்த, பக்கத்து வீட்டுக்காரர் பதறிப்போய் வந்து கதவைத் தட்டுகிறார். காதுக் கருவியை டப்பாவை விட்டு வெளியே எடுப்பதில்லை என்று நீங்கள் சபதம் செய்திருப்பதால் எழுத வேண்டியதாகிவிட்டது. அதுவும் நல்லதுக்குத்தான். நான் சொல்ல வந்தது கத்திச் சொல்லக்கூடிய விஷயம் இல்லை.

மருந்துக்கடைக்காரரின் அக்கா நேற்று இங்கே வந்திருந்தார். போன வாரம் உங்களைப் பார்க்க அங்கே வந்தாராமே. தம்பிக்குப் பேசுகிற பெண்ணைப் பற்றி, அவளோடு பதினோரு வருஷம் ஒரே வீட்டில் இருந்த மாமியாரிடமே கேட்டுவிடலாம் என்று நினைத்தாராம். துணிச்சல்காரர், எனக்குப் பிடித்திருந்தது. "உங்க மாமியார் அதிகம் பேசல. ஒரே வார்த்தைதான் சொன்னாங்க. இணக்கமானவள்னாங்க. எனக்கு அது போதும்" என்று சொல்லிவிட்டு, காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அவருக்குப் போதும். எனக்குப் போதவில்லை.

உங்கள் பையன் இருந்தபோது ஐந்து வருஷம், அவர் போன பிறகு ஆறு வருஷம். மேஜைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீங்கள். இந்த ஊரில் பாதி ஜன்னல்களில் நாம் தைத்த திரைதான் தொங்குகிறது. அப்படிப்பட்டவளைப் பற்றிக் கேட்டால் ஒரே ஒரு வார்த்தையா? அதுவும் இந்த வார்த்தையா? கெட்டிக்காரி என்று சொல்லியிருக்கலாம். பாசமானவள் என்று சொல்லியிருக்கலாம். வாயாடி என்றாவது சொல்லியிருக்கலாம், உண்மையாகவாவது இருந்திருக்கும். மாடி வீட்டு டீச்சரிடம் அகராதி வாங்கிப் பார்த்தேன். 'மனம் பொருந்தியிருத்தல், உடன்பாடு' என்று போட்டிருக்கிறது. செய்தித்தாளில் எப்போது இந்த வார்த்தை வரும் தெரியுமா? இரண்டு பேர் சண்டை போட்டுக் களைத்துப் போனால், 'இணக்கமான முடிவு எட்டப்பட்டது' என்று எழுதுவார்கள். எனக்கு என்னவோ, வீட்டுக்குத் தோதான சோபா என்று சொன்ன மாதிரி இருந்தது. இடத்தை அடைக்காது, நகர்த்தினால் நகரும்.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். "பொண்ணைப் பார்த்துட்டு வரேன்" என்று கிளம்பினவர் உங்கள் தையல் மெஷினை ஏன் கழற்றி எடுத்துக்கொண்டு போனீர்கள்? மருந்துக்கடைக்காரர் பேச்சு எழுந்த அடுத்த வாரமே. திரும்பி வருகிற எண்ணம் இருக்கிறவர் யாராவது மெஷினைத் தூக்கிக்கொண்டு போவாரா? நான் அவருக்கு இன்னும் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அதற்குள் நீங்கள் இடத்தைக் காலி செய்து கொடுத்துவிட்டீர்கள்.

புதிதாகத் திறக்கப்போகிற கண் ஆஸ்பத்திரியிலிருந்து ஆர்டர் வந்திருக்கிறது. எல்லா அறைகளுக்கும் திரை. கவலைப்படாதீர்கள், தனியாகவே முடித்துவிடுவேன்.

கோபத்தோடும் அன்போடும்,
உங்கள் மருமகள் (இணக்கமானவள்)


பிப்ரவரி 17

மருமகளுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். முதல் தரம் கோபம் வந்தது. இரண்டாம் தரம் சோபாவை நினைத்துச் சிரிப்பு வந்தது.

அந்த அம்மாள் வந்தபோது நான் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். என் முகத்துக்கு நேரே வந்து உட்கார்ந்து, "உங்க மருமக எப்படி?" என்று கேட்டார். இப்படிக் கேட்டால் என்ன சொல்வது? கெட்டிக்காரி என்றால் வேலைக்கு ஆள் சேர்த்துவிடுகிற மாதிரி இருக்கும். பாசமானவள் என்றால், அது எல்லா மாமியாரும் வெளியாரிடம் சொல்கிற பேச்சு. உப்புதான் கொஞ்சம் கம்மியாகப் போடுவாள், மற்றபடி தங்கம் என்றால், அவர் உப்பை மட்டும் பிடித்துக்கொள்வார். யோசித்துத்தான் அந்த வார்த்தையைச் சொன்னேன். அதை நான் யாருக்கும் சும்மா எடுத்துக் கொடுப்பதில்லை. கூடப் பிறந்தவர்களில் ஒருத்தருக்குக்கூடக் கொடுத்ததில்லை. உனக்கு அகராதி வேண்டியிருக்கிறது.

இங்கே எல்லோரும் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள். ஒரு டம்ளரைக் கழுவப் போனால், "அம்மா, நீ பேசாம உக்காரு" என்கிறாள் உன் நாத்தனார். உட்கார்ந்தால் மாப்பிள்ளை வந்து செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து உரக்கப் படித்துக் காட்டுகிறார். எனக்குக் காதுதான் மந்தம், கண் நன்றாகத் தெரிகிறது என்று அவரிடம் யார் சொல்வது? பாசத்துக்கு ஒரு குறையும் இல்லை. சாயங்காலம் ஆனால் மட்டும் எனக்கு முதுகு பிடித்துக்கொள்கிறது.

மெஷினைப் பற்றிக் கேட்டாய். புதிதாகக் குடித்தனம் ஆரம்பிக்கப்போகிற வீட்டில் பழைய மாமியாருக்கு என்ன வேலை? அந்த மருந்துக்கடைக்காரர் நல்ல மனிதராகத்தான் தெரிகிறார். ஊசி போடுகிற அறைக்குத் திரை வேண்டும் என்று நம் வீட்டுக்கு வந்தாரே, அன்றைக்கே பார்த்தேன். துணியைத் தொட்டுப் பார்க்கும் முன் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். மனைவியை இழந்தவர், தனிமை என்றால் என்ன என்று தெரிந்தவர். சரி என்று சொல்லிவிடு. நான் வரமாட்டேன். இதில் கோபித்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

இவர்கள் ஹாலுக்கு ஒரு நல்ல துணி வாங்கியிருக்கிறேன். எல்லோரும் வேலைக்குப் போன பிறகு சாப்பாட்டு மேஜையில் போட்டுத் தைக்கிறேன். ஆஸ்பத்திரித் துணி வழுக்குகிற ரகமா? அப்படியானால் ஊசியை மாற்று. உன் பழைய ஊசியை நம்பாதே.

அத்தை


பிப்ரவரி 26

அத்தைக்கு,

இதைச் சிரிக்காமல் படிக்க வேண்டும். முடியாவிட்டால் நாத்தனார் இல்லாத நேரமாகப் பார்த்துப் படியுங்கள்.

ஆஸ்பத்திரித் துணி வழுக்கவில்லை. இரண்டு ஓரத்திலும் பூங்கொடி அச்சு ஓடுகிற துணி. நாம் எத்தனையோ தைத்திருக்கிறோம். ஜன்னல் உயரத்துக்கு வெட்டி, நடுவில் நீளவாக்கில் பிளந்து, ஆளுக்கொரு பாதி. மாட்டும்போது இரண்டு கொடியும் ஜன்னல் நடுவில் வந்து சேரும். நான் ராப்பகலாக உட்காரவில்லை, அலட்டிக்கொள்ளவும் இல்லை, ஒழுங்காகத் தைத்து முடித்து, மூட்டை கட்டி, நேற்று ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போனேன்.

திரை மாட்டுகிறவர், நம் ஜோக்குக்காரர்தான், ஏணியில் ஏறி முதல் ஜன்னலுக்கு ஒன்றை மாட்டினார். "அடுத்தது குடுங்க" என்றார். கொடுத்தேன். மாட்டினார். இறங்கித் தள்ளிப்போய் நின்று பார்த்தார். "அக்கா, ரெண்டும் ஒரே பக்கம் பாக்குதே" என்றார். வேறொன்றை எடுத்தேன். அதுவும் இடப்பக்கத் திரை. மூட்டையைத் தரையில் கொட்டினேன். அத்தனையும் இடப்பக்கம். ஒரு ஆஸ்பத்திரி முழுவதற்கும் ஒரே ஒரு வலப்பக்கத் திரைகூட இல்லை.

மானேஜர் வந்தார். ஜோக்குக்காரர் சும்மா இருந்தாரா? "கண் ஆஸ்பத்திரிங்க. ஒரு பக்கத்த மட்டும் மறைச்சு, என்ன தெரியுதுன்னு கேக்கறதுதானே வழக்கம்?" என்றார். மானேஜர் சிரிக்கவில்லை. அடுத்த மாதம் பதினெட்டாம் தேதிக்குள் மீதி வராவிட்டால் எல்லாவற்றையும் வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன் என்றார். நியாயமான மனிதர்.

வீட்டுக்கு வந்து பார்க்கிறேன், மீதிப் பாதிகள் எல்லாம் மேஜைக்கு உங்கள் பக்கத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் வெட்டி, பிளந்து, என் பாதியை எடுத்துக்கொண்டு உங்கள் பாதியை அந்தப் பக்கம் தள்ளியிருக்கிறேன். எதிரே ஆள் இல்லை என்று என் கைக்குத் தெரியவில்லை. குவியல் மோவாய் உயரத்துக்கு வந்திருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டேதான் அத்தனை நாளும் தைத்திருக்கிறேன்.

சரி, நாமே தைத்துவிடலாம் என்று ஒன்றை எடுத்தேன். ஓர மடிப்பு தானாகவே தப்புப் பக்கம் போகிறது. பிரித்துத் தைத்தேன். மறுபடியும் அதே பக்கம். இத்தனை வருஷத்தில் நான் ஒரு வலப்பக்கம்கூடத் தைத்ததில்லை அத்தை. நமக்குள் யார் எப்போது அப்படிப் பிரித்துக்கொண்டோம் என்றுகூட ஞாபகம் இல்லை. பேசி முடிவு செய்த மாதிரித் தெரியவில்லை.

கழுத்து வலிக்குத் தைலம் கொடுக்க மருந்துக்கடைக்காரர் வந்தார். குவியலைப் பார்த்தார். "இது யார் தைக்க வேண்டியது?" என்று கேட்டார், அவ்வளவுதான். நான் தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தேன். அழுகையில் போய் முடிந்தது. அவர் சமாதானம் எதுவும் சொல்லாமல் உள்ளே போய்க் காபி போட்டுக் கொண்டுவந்தார். சர்க்கரை டப்பா கிடைக்கவில்லை போலிருக்கிறது. இருந்தாலும் குடித்தேன்.

உதவி ஒன்றும் கேட்கவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

உங்கள் மருமகள்


மார்ச் 3

அம்மாடி,

படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் மாப்பிள்ளை ரத்த அழுத்தம் பார்க்கிற கருவியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். கடிதத்தை அவரிடம் காட்டவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது.

என் மானத்தையும் உன்னிடமே விற்கிறேன், கேள். இவர்கள் ஹாலுக்கு நான் தைத்ததும் ஒரே பக்கம்தான். எல்லாம் வலப்பக்கம். மாட்டிய பிறகுதான் தெரிந்தது. உன் நாத்தனார் தலையைச் சாய்த்துப் பார்த்து, "ஏம்மா, எல்லாமே ஒரு பக்கமா சாயற மாதிரி இருக்கு?" என்றாள். இப்போது இதுதான் புது மோஸ்தர் என்று சொல்லிச் சமாளித்தேன். இடப்பக்கப் பாதிகள் எங்கே என்று தேடினால், மேஜைக்கு எதிர்ப்பக்கம் தள்ளியிருக்கிறேன். மிச்சத்துணி என்று நினைத்து அவற்றை வைத்து மாப்பிள்ளை ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். நல்ல துணி. வண்டி பளபளவென்று இருக்கிறது.

அந்தக் குவியலை அப்படியே எனக்கு அனுப்பு. வலப்பக்கம் தைக்க ஆள் இங்கே இருக்கிறது.

இப்போது உன் சண்டைக்கு வருகிறேன். அந்த வார்த்தையை நான் சொன்ன விதத்தில் ஒரு பிசகு இருக்கிறது என்று இந்தக் கூத்துக்குப் பிறகு தோன்றுகிறது. ஒருத்தியைத் தனியாக நிறுத்தி வைத்து இணக்கமானவள் என்று சொல்லக்கூடாது. யாரோடு என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். என் பெண் மேல் எனக்கு உயிர். ஆனால் அவளும் நானும் சேர்ந்து ஒரு மணி நேரம் இருந்தால் இரண்டு பேருக்கும் தலை வலிக்கிறது. உன் புருஷன் மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்று உனக்குத் தெரியும். ஆனால் அவனும் நானும் சேர்ந்து ஒரு கட்டிலை நகர்த்த முடியாது. அவன் தூக்கு என்பான், நான் தள்ளு என்பேன். கட்டில் அங்கேயே இருக்கும். பிரியம் இருந்தால் ஆள் இல்லாதபோது ஏங்குவோம். இது ஆள் இருக்கும்போதே கிடைக்கிற நிம்மதி. என் அம்மாவோடு எனக்கு அது இருந்ததில்லை, உன் மாமனாரோடு எப்போதாவது ஞாயிற்றுக்கிழமைகளில் இருந்தது. உன்னோடுதான் வாரம் முழுவதும் இருந்தது. அதனால்தான் அந்த அம்மாள் கேட்டபோது அது முதலில் வாயில் வந்தது. அதற்கு மேல் பேசியிருந்தால் அழுதிருப்பேன். பெண் கேட்டு வந்தவர் முன்னால் அழுதால் நன்றாக இருக்காது.

இன்னொன்று. அவன் நம்மை விட்டுப் போன அந்த மாதம் உன் அப்பாவும் அண்ணனும் உன்னைக் கூட்டிக்கொண்டு போக வந்தார்கள். நான் உள்ளே படுத்திருந்தேன். வெளியே என்ன பேசினீர்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. நீ போய்விடுவாய் என்றுதான் நினைத்தேன், போவதுதான் நியாயம் என்றும் நினைத்தேன். எழுந்து வந்து பார்த்தால் அவர்கள் இல்லை. நீ துணி வெட்டிக்கொண்டிருந்தாய். என்னைப் பார்த்ததும் பாதியை என் பக்கம் தள்ளினாய். நான் உட்கார்ந்து தைத்தேன். அன்றைக்கு நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். ரொம்ப நன்றி, அம்மாடி. உன்னால்தான் நான் மறுநாள் எழுந்தேன், அதற்கு அடுத்த நாளும் எழுந்தேன்.

துணியைச் சீக்கிரம் அனுப்பு.

அத்தை


மார்ச் 8

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்தேன். சோபா வழக்கை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

நீங்கள் நன்றி சொல்லிவிட்டீர்கள். நானும் சொல்லிவிடுகிறேன், கணக்கு நேராகட்டும். என் அம்மா வீட்டில் நான் எப்போதும் யாருக்காவது எதையாவது விளக்கிக்கொண்டே இருந்தேன். ஏன் சிடுசிடுப்பு, ஏன் சாப்பிடவில்லை, ஏன் தூங்கவில்லை. உங்களோடு இருந்த வீட்டில் நான் எதையும் விளக்க வேண்டியிருந்ததில்லை. எனக்குத் தலைவலி என்றால் நீங்கள் ரேடியோவை அணைப்பீர்கள், அது ஓடுவதே உங்களுக்குக் கேட்காதபோதும். உங்களுக்கு ஒத்துக்கொள்ளாத பழக்கங்கள் என்னிடம் இருக்கின்றன, எனக்கு ஆகாதவை உங்களிடம் இருக்கின்றன. சூடான டம்ளரைத் துணி மேல் வைப்பீர்கள். கத்தரியை எடுத்த இடத்தில் வைக்கமாட்டீர்கள். இதற்காக நான் உங்களை மனதுக்குள் எத்தனை தரம் திட்டியிருக்கிறேன் தெரியுமா? திட்டி முடித்தால் அதோடு போய்விடும், சாயங்காலம் வரைக்கும் இழுக்காது. அகராதிக்காரர் இதையும் சேர்த்துப் போடலாம்.

இந்தக் கடிதத்தையும் துணி மூட்டையையும் கொண்டுவருகிறவர் யார் என்று பார்த்தாலே தெரியும். தபாலில் அனுப்பலாம் என்றேன். "நானே கொண்டுபோறேன். கடைக்கு ஒருநாள் லீவு விட்டா ஊர் ஒண்ணும் படுத்துடாது" என்றார்.

அவரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். கல்யாணம் என்றால் அவர்தான் இந்த வீட்டுக்கு வர வேண்டும், மேஜை வாசலில் நுழையாது, உள்ளேயே செய்தது என்றேன். சரி என்றார். மேஜைக்கு அந்தப் பக்கம் என் மாமியார் இருப்பார் என்றேன். அதற்கு அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. "அவங்களுக்கு என்னோட ஒத்துவருமான்னு அவங்களைத்தான் கேக்கணும். நான் எப்படிச் சரி சொல்றது?" என்றார். எனக்கு அந்தப் பதில் பிடித்தது. அதனால்தான் அனுப்புகிறேன். ஒரு மதியம் கூட வைத்துக்கொண்டு பாருங்கள். பேச வேண்டியதில்லை. சும்மா ஒரே அறையில் இருந்து பாருங்கள்.

உங்கள் மருமகள்


மார்ச் 13

அம்மாடி,

திரைகள் எல்லாம் முடிந்தன. மருந்துக்கடைக்காரர் இன்றைக்கு இரண்டாம் தரமாக வந்திருக்கிறார், எடுத்துக்கொண்டு போக. இதை அவரிடமே கொடுத்தனுப்புகிறேன். ஒட்டியிருக்கிறேன், பிரித்துப் படிக்கிற ஆள் இல்லை என்றாலும்.

உன் பரீட்சையை நடத்திப் பார்த்தேன். முதல் தரம் வந்தபோது மாப்பிள்ளை அவரைப் பிடித்துக்கொண்டு நாட்டு நடப்பு பேசினார். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, எழுந்து வந்து என் எதிரே உட்கார்ந்துகொண்டார். நான் தைத்துப் போட்டதை எடுத்து, தொங்குகிற நூலை எல்லாம் கத்தரித்தார். மாத்திரை அட்டையை வெட்டுகிற கை, அளவாக வெட்டுகிறது. பேச வேண்டியிருந்தால் முகத்தை என் பக்கம் திருப்பிக்கொண்டு, மெதுவாக, கத்தாமல் பேசினார். உதடு நன்றாகப் புரிகிறது. ஒரு குறை, மடிக்கத் தெரியவில்லை. அவர் மடித்ததை எல்லாம் அவர் பாத்ரூம் போனபோது பிரித்து மறுபடி மடித்தேன். வந்து பார்த்தார். அடுத்ததை நான் மடித்த மாதிரியே மடித்தார். இவருக்கு அந்த வார்த்தையை இன்னும் கொடுக்கமாட்டேன். ஆனால் கொடுக்கலாம் போலிருக்கிறது. நீ கட்டிக்கொள். எனக்கு மனம் நிறைந்த சம்மதம்.

நான் வரமாட்டேன். காரணத்தை மறைத்துக்கொண்டிருந்தேன், இனிமேல் எதற்கு மறைப்பது?

உனக்கே தெரியாத ஒரு பழக்கம் உன்னிடம் இருக்கிறது. அவன் போன பிறகு வந்தது. நீ எதற்காவது சிரித்தால், அந்த ஜோக்குக்காரர் ஏதாவது சொல்லி, அல்லது ரேடியோவில் ஏதாவது கேட்டுச் சிரித்தால், உடனே என் முகத்தைப் பார்ப்பாய். சிரிப்பு பாதியில் நிற்கும். ஒவ்வொரு தரமும். பிள்ளையைப் பறிகொடுத்தவள் எதிரில் இருக்கிறாளே, இவள் முன்னால் சிரிக்கிறோமே என்று உனக்குச் சுருக்கென்று குத்துகிறது. எனக்குப் புரியாதா? அதனால்தான் நீ சிரிக்கும்போதெல்லாம் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். இவளாவது நிம்மதியாகச் சிரிக்கட்டும் என்று.

இனி உன் வீட்டில் சிரிப்பு அதிகமாக வேண்டும். புதிதாக வாழப்போகிறவள் ஒவ்வொரு சிரிப்புக்கும் என் முகத்தைப் பார்த்து அனுமதி வாங்கக்கூடாது. நான் எதிரே இல்லாவிட்டால் அந்தப் பழக்கம் போய்விடும். இதை வருத்தத்தில் சொல்லவில்லை. நீ எனக்கு ஆறு வருஷம் கொடுத்திருக்கிறாய். அதற்குப் பதிலாக நான் கொடுக்கக்கூடியது இதுதான்.

அத்தை


மார்ச் 16

அன்புள்ள அத்தைக்கு,

திரைகள் மாட்டியாயிற்று. கொடிகள் நடுவில் சேர்ந்து நிற்கின்றன. மானேஜர் சிரித்தார்.

மருந்துக்கடைக்காரரிடம் சரி என்று சொல்லிவிட்டேன். அவர் காது மடல் சிவந்துபோனது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத வெட்கமாக இருக்கிறது.

இப்போது நீங்கள் எழுதியதற்கு வருகிறேன். கோபத்தில் மூன்று தரம் எழுதிக் கிழித்துவிட்டு எழுதுகிறேன்.

அத்தை, நான் சிரித்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்தது, உங்களுக்கு அந்த ஜோக் கேட்டதா என்று தெரிந்துகொள்ளத்தான்.

அவர் நம்மை விட்டுப் போன அந்த வருஷத்தில்தான் உங்கள் காதும் மந்தமானது. அதற்கு முன் நான் ஏன் பார்க்கப்போகிறேன், நீங்களே சேர்ந்து சிரிப்பீர்களே. ஜோக்குக்காரர் ஏதாவது சொல்வார், நான் சிரிப்பேன், உங்களுக்குக் காதில் விழவில்லையோ என்று பார்ப்பேன், விழாவிட்டால் திரும்பச் சொல்லலாம் என்று. நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பியிருப்பீர்கள். அப்போது நான் என்ன நினைத்தேன் என்று இப்போது சொல்கிறேன். பிள்ளையை நினைத்துக்கொண்டிருக்கிறார், இந்த நேரத்தில் போய் ஜோக் சொல்லக்கூடாது என்று நினைத்துச் சிரிப்பை நிறுத்திவிடுவேன். நீங்கள் எனக்காகத் திரும்பிக்கொள்ள, நான் உங்களுக்காக நிறுத்திக்கொள்ள, இரண்டு பேரும் கெட்டிக்காரிகள்தான்.

உங்கள் பையனை நான் மறக்கவில்லை. சிரிக்கும்போது குற்றமாக உணர்ந்ததும் இல்லை. அவர் என்னைச் சிரிக்க வைக்க எவ்வளவு பாடுபட்டார் என்று எனக்குத் தெரியாதா?

எனக்கு ஒரு விஷயம் உங்களிடம் சொல்லிவிட்டால்தான் அது நடந்த மாதிரி. ஆஸ்பத்திரியில் மூட்டையைக் கொட்டியபோது, அந்த அவமானத்துக்கு நடுவிலும், இதை அத்தையிடம் எப்படிச் சொல்வது என்றுதான் மனதுக்குள் கோத்துக்கொண்டிருந்தேன். நேற்று மருந்துக்கடைக்காரரிடம் சரி சொன்னபோதும் அப்படித்தான். இதற்கு என்ன வார்த்தை என்று நான் அகராதியில் தேடப்போவதில்லை. நீங்கள் ஒரு வார்த்தை சொன்னீர்கள், அதையே வைத்துக்கொள்கிறேன். அது நல்ல வார்த்தைதான் அத்தை. அதை எனக்குக் கொடுத்ததற்கு நன்றி.

இனி நீங்கள் முடிவு செய்யுங்கள். நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன்.

உங்கள் மருமகள்


மார்ச் 20

அம்மாடி,

கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். உன் நாத்தனார் வந்து என்னம்மா என்று கேட்டாள். காட்டினேன். படித்துவிட்டு அவளும் என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். அதற்கப்புறம் இரண்டு பேரும் நன்றாகத்தான் இருந்தோம், தலைவலி வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டிக்கு வருகிறேன். மருந்துக்கடைக்காரரை ஸ்டேஷனுக்கு அனுப்பு, நீயும் வா. ஜோக்குக்காரர் அந்தப் பக்கம் வந்தால் அவரையும் இருக்கச் சொல்.

காதுக் கருவியை டப்பாவிலிருந்து எடுத்து மாட்டிப் பார்த்தேன். மாப்பிள்ளை குரல் பொறுக்கவில்லை, கழற்றிவிட்டேன். அதனால் உனக்குத்தான் வேலை. ஆறு வருஷமாக இந்த முட்டாள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததில் எத்தனை ஜோக் போயிற்று என்று எனக்குத் தெரியாது. அத்தனையையும் எனக்குச் சொல்ல வேண்டும். முதலிலிருந்து ஆரம்பி.

அத்தை